அளவு ஜாக்கெட்

கஞ்சி போகாத புதுத்துணி வாசம் வந்தாலே தீபாவளிக்கு முந்தைய மத்தியானங்கள் எனக்குள் புரளும். அமராவதிபுதூர் பேருந்தில் அந்த வாசம், இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த முன் இருக்கையிலிருந்து வந்தது. கையாலேயே பூத்தையல் போட்ட ஜாக்கெட்டை மூத்தவள் மடியில் விரித்திருந்தாள். பக்கத்தில் அவள் நாத்தனார்.

"இடது பக்கத்தைப் பிரிக்கணும் மதினி."

"ஏன்த்தா? நீ குடுத்த அளவு ஜாக்கெட்டை வச்சு நூல் பிசகாமத் தச்சிருக்கேன். கழுத்துப் பூவுக்கே கண்ணு அவிஞ்சு போச்சு."

"அது பழைய அளவு. பழக்கத்துல எடுத்துக் குடுத்துட்டேன். வைகாசில மதுரைக்குப் போனேன்ல..."

"கர்ப்பப்பைக் கட்டின்னியே?"

"இல்ல மதினி. இடது மாரை எடுத்துட்டாக. எங்க வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும்."

மூத்தவள் உள்ளங்கையால் பூக்களை மூடிக்கொண்டாள். பேருந்து இரண்டு வேகத்தடைகளைத் தாண்டியது.

"எங்கிட்டக்கூடச் சொல்லலையேடி."

"சொன்னா நீங்க அழுவீக."

"உம் மக கல்யாணத்துல ஊரே உன்னைப் பாக்குமே. உள்ள பஞ்சு வச்சுத் தச்சுரவா? ஒரு சிறுக்கிக்கும் தெரியாது."

"வேர்வையில நனைஞ்சா ஒரு பக்கமாச் சாஞ்சிருவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்த நாத்தனார் சட்டென்று நிறுத்தினாள். ஊர் வந்ததும் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"பஞ்சு வேணாம் மதினி. இப்ப இருக்கிற அளவுக்கே பிடிச்சுத் தச்சிருங்க."