தலை சாஞ்ச படம்

அதெல்லாம் வலிக்காதுக்கா. மரத்துப்போற ஊசி போட்டுடுவாங்க, ஒதடு ஒங்களோடது இல்லாத மாதிரி ஆயிடும், அவ்வளவுதான். ஈறைக் கீறி ஒதுக்கிட்டு, உள்ள எலும்பைப் பாத்துட்டு, தையல் போட்டுடுவாங்க. நானே பண்ணிக்கிட்டவதான். நான் சொல்ல வந்தது வலியைப் பத்தி இல்ல. கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க, எக்ஸ்ரே ரூம் கதவு தொறந்தா முட்டியில இடிக்கும்.

எங்கேருந்து வரீங்க? திருவெள்ளறையா? அப்ப காலையில கருக்கல்லயே கெளம்பியிருப்பீங்க. பேரு? காளியாயி... சரி. எம் பேரு சகாயராணி. கேட்டீங்களா, பேரைச் சொல்றப்பவே புஸ்ஸுன்னு காத்து வருதுல்ல? முன்னாடி இப்படிக் கெடையாதுக்கா. பாலக்கரையில எங்க கோயில்ல ஞாயித்துக்கெழமை பூசைக்கு வாசகம் படிக்கறவ நான். மைக் நின்னு போனாக்கூட கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும்பாரு ஃபாதர். இப்பப் படிக்கறதில்ல. சகோதர சகோதரிகளேன்னு ஆரம்பிச்சாலே விசில் அடிக்குது. முன்னாடி வரிசைப் புள்ளைங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்குதுங்க. அதுங்களைச் சொல்லி என்ன பண்றது.

ஆமா, ஆபரேஷனுக்கு அப்பறம்தான். பாருங்க, இங்க, மேல முன்பல்லு. ஈறு ஏறிப் போயி நடுவுல சந்து சந்தா நிக்குதுல்ல? ஐயோ, பயந்துட்டீங்களா. எல்லாருக்கும் இப்படி ஆகாது. எலும்பு நெஜமாவே கரைஞ்சிருந்தா தொறந்துதான் ஆகணும், அப்பத்தான் பல்லு நிக்கும். ஒங்களுக்குத் தேவைன்னா பண்ணிக்கத்தான் வேணும். தேவையான்னு கேட்டுக்கணும், அதுக்குத்தான் சொல்றேன்.

ஒங்களுக்கு எத்தனை படம் எடுத்தாங்க? மூணா? அப்ப நீங்களும் ஆராய்ச்சியிலதான் இருக்கீங்க.

அது ஒண்ணும் இல்லக்கா. வாய்க்குள்ள சின்னதா ஒண்ணு வெச்சு எடுத்தாங்கல்ல, அது ஒரு வகை. நிக்க வெச்சு, தாடையை ஒரு தாங்கல்ல வெச்சு, மெஷின் தலையைச் சுத்தி வந்துச்சே, அது பெரிய படம். மூணாவது ஸ்கேன், கம்ப்யூட்டர்ல நாலாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பாக்கலாம். பல்லைச் சுத்தி எலும்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு இந்த மூணுல எது சரியாக் காட்டுது, அதான் ஆராய்ச்சி. நெஜ அளவு என்னன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் தொறக்கறப்ப கோடு போட்ட கம்பியை வெச்சு எலும்பை நேராவே அளந்துடறாங்க. அப்பறம் அந்த அளவோட மூணு படத்தையும் ஒத்துப் பாக்கறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா ஒண்ணு, எப்படியும் ஆபரேஷன் பண்ணியே ஆகணும்ங்கறவங்களைத்தான் தொறக்கணும். சும்மா அளந்து பாக்கறதுக்காக ஒருத்தர் ஈறைத் தொறக்கக் கூடாது. இதை எனக்குச் சொன்னதே இந்த ஆராய்ச்சியைப் பண்ற டாக்டர்தான், எனக்குத் தொறந்தவங்களும் அவங்கதான்.

எனக்கு என்ன இருந்துச்சு? பல்லு தேய்க்கறப்ப லேசா ரத்தம் வரும். அம்பது தாண்டினா யாருக்கு வரல? நான் அரியமங்கலத்துல ஒரு கம்பெனியில ஆபீஸ் வேலை பாக்கறேன், இரும்பு ஷீட்டு வெட்டி வளைக்கற எடம். நாள் பூரா போன்ல கத்தணும். இதுக்கெல்லாம் லீவு போடற ஆளு இல்ல நான். டாக்டரே கூப்புட்டாங்க, வந்து படம் எடுத்துக்கச் சொல்லி. எனக்கு ஒரே பெருமை. புதுப் பொடவையைக் கட்டிக்கிட்டு வந்தேன்னா பாத்துக்கோங்க, பல்லைப் படம் எடுக்க!

அப்பறம் பெரிய படத்தை வெளக்கு முன்னாடி வெச்சுக் காட்டுனாங்க. மேல முன்பல்லுப் பக்கம் புகை அடிச்ச மாதிரி இருந்துச்சு. எலும்பே தெரியல பாரு, கரைஞ்சு போச்சு, விட்டா ஒவ்வொண்ணா ஆடி விழுந்துடும்னாங்க. மத்த ரெண்டு படத்தையும் காட்டல. நானும் கேக்கல. எதுக்குக் கேப்பேன்? அவங்க சொன்னா எனக்குப் போதும். நீட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டேன்.

ஊசி போடறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டாங்கக்கா. அதை மட்டும் மறக்க முடியல. தொறந்ததும் அவங்க அளவு சொல்லச் சொல்ல பக்கத்துல ஒரு பொண்ணு எழுதிக்கிச்சு. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும்தான் எனக்குத் தெரியுது. அந்தக் கண்ணு என்னைப் பாக்கவே இல்ல. எனக்காகக் கஷ்டப்படறாங்க போலன்னு நெனச்சேன். தேத்தணும்னு தோணுச்சு, வாய்தான் தொறந்து கெடக்கே!

அதுக்கு அப்பறம் அந்த ஆராய்ச்சியை ஒரு பெரிய ஹால்ல மேடை போட்டுச் சொன்னாங்க. என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. என் தாடைப் படம் இந்தச் செவுரு அளவுக்குத் திரையில வந்துச்சு. கீழ என்ன போட்டிருந்துச்சு தெரியுமா? நோயாளி, பெண், வயசு அம்பத்தி நாலு. அவ்வளவுதான். பேரு போடக் கூடாதாமே, சட்டமாம். டாக்டருக்குப் பரிசு குடுத்தாங்க. நான் எந்திரிச்சு நின்னு கை தட்டுனேன்.

அப்பவே ஈறு ஏற ஆரம்பிச்சிடுச்சு. தண்ணி குடிச்சா மூளை வரைக்கும் சுரீர்னு இழுக்கும். டாக்டர்கிட்ட சொன்னா, சரியாயிடும் சரியாயிடும்னாங்க. சொல்றப்ப வேற எங்கயோ பாக்கறாங்க. எங்க ஆபீஸ்ல வேலை பாக்கற கலைமதியோட ஸ்ரீரங்கம் வீட்டுக்குப் போயிருந்தப்ப, ஜில்லுன்னு மோர் குடுத்தா. வாயில வெச்சதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவதான், எங்க தெருவுலயே மாத்ருபூதம்னு ஒரு டாக்டர் இருக்காரு, வயசானவரு, நிதானமாப் பாப்பாருன்னு சொன்னா. படமெல்லாம் எங்க வீட்டு பீரோவுலதான் ஒரு கவர்ல இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போனேன்.

அவரு மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. ஒவ்வொண்ணா உத்துப் பாத்தாரு. அப்பறம் பெரிய படத்தைத் தட்டி, இது எடுக்கறப்ப உங்க தலை சாஞ்சிருக்கும்மா, அதான் முன்பக்கம் கலங்கிப் போயிருக்கு, இதை வெச்சு எலும்பு இல்லைன்னு சொல்ல முடியாது, மத்த ரெண்டுலயும் பாருங்கோ, எலும்பு நன்னா இருக்கேன்னாரு. சுத்தம் பண்ணிவிட்டிருந்தாலே போதுமே, இதை யாரும்மா தொறந்தான்னு கேட்டாரு.

வெளியூர் டாக்டருன்னு சொல்லிட்டேன். பொய்தான். வாயில அதான் வந்துச்சு.

போன ஈறு திரும்பி எறங்காதாம்க்கா. பல்லு நிக்கும், சந்து சந்தாவேதான் இருக்கும்னாரு.

கோவில் மதிலை ஒட்டியே நடந்து வந்தேன். பஸ்ஸு நின்னுது, ஏறல. எனக்கு எது ஆறல தெரியுமா? தெரியாமப் பண்ணியிருந்தா விட்டுடலாம். எந்தப் படம் பொய் சொல்லும், எப்பச் சொல்லும்னு பாக்கறதுதானே அவங்க ஆராய்ச்சியே! தலை சாஞ்சா பெரிய படம் கலங்கும்னு அவங்களுக்குத் தெரியாதா? மூணு படத்துல பொய் சொல்ற படம் எதுன்னு தெரிஞ்சு, அதைப் பாத்து எடுத்து எங்கிட்டக் காட்டியிருக்காங்க. வேற யாருகிட்டயும் இல்ல, எங்கிட்ட.

கேட்டேன். கேக்காம இருப்பேனா? படத்தை முன்னாடி போட்டுட்டுத்தான் கேட்டேன். மொதல்ல இல்லவே இல்லன்னாங்க. அப்பறம் அழுதாங்க. ஆராய்ச்சிக்கு ஒரு ஆளு கொறைஞ்சுதாம், முடிச்சுக் குடுக்கற தேதி நெருங்கிடுச்சாம், யாரும் ஒத்துக்கலயாம்.

மேல சொல்லலையான்னா... பெரிய டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் போனேங்க்கா. வாங்கம்மா, என்ன விஷயம்னு அவரு எந்திரிச்சே வந்துட்டாரு. சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். அதான் இப்ப லீவு கெடைக்கறப்பல்லாம் வந்து இந்த பெஞ்சுல உக்காருறேன். ஆராய்ச்சியைப் பெருசாப் பண்றாங்களாம், இன்னும் ஆளு வேணுமாம். வரவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். உள்ள போனதும், மூணு படத்தையும் சேத்துக் காட்டுங்கன்னு கேளுங்க. ஒண்ணை மட்டும் காட்டினா கையெழுத்துப் போடாதீங்க. கேட்டா காட்டித்தான் ஆகணும். கோவிச்சுக்க மாட்டாங்க, நல்லாத்தான் பேசுவாங்க.

எந்த டாக்டரா? அதான், நேரா தெரியுதே அந்த ரூம். அல்போன்சான்னு போட்டிருக்குல்ல. கெட்டிக்காரங்க. கை அவ்வளவு பதம்.

இல்லக்கா, கோவத்துல சொல்லல. அவங்களைப் பத்தி எப்படி இவ்வளவு தெரியும்னா என்ன சொல்றது... அவ எம் பொண்ணுதான். மொதப் பல்லு மொளைக்கறப்ப எந்த பொம்மையைக் குடுத்தாலும் தூக்கிப் போட்டுடுவா, என் வெரலைத்தான் கடிச்சுக்கிட்டுத் தூங்குவா. அன்னைக்கு அழுதப்ப ஒண்ணு சொன்னா. வேற யாரா இருந்தாலும் மத்த படத்தையும் காட்டுங்கன்னு கேட்டிருப்பாங்கம்மா, நீ கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்னு.

காளியாயின்னு கூப்புடறாங்க பாருங்க. எந்திரிங்க. மூணையும் சேத்துக் கேளுங்க.