கருப்பையா இறங்கவில்லை

மோட்டார் சைக்கிள் இருக்க ஏன் நடந்து வந்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்... விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். நடுவில் யாரும் சிரிக்கக் கூடாது.

காலை எட்டு மணி. ஜப்பான்காரன் ஆண்ட காலம். மலாக்காவில் காஜா பேராங்கிலிருந்து கிளேபாங் கடற்கரைக்குப் போகும் சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. எட்டு என்றது ஜப்பான்காரன் தன் ஊர் நேரத்துக்கு முன்னால் தள்ளி வைத்த கடிகாரம்... வெளியே இன்னும் இருட்டு. பேய்க்கு இதைவிட வசதி வேண்டுமா?

அந்தச் சாலையில் சைக்கிளில் போனவர் என் நண்பன் விநாயகத்தின் தாய்மாமா பொன்னுதுரை. சைக்கிள் அவருடையது அல்ல. கூட வேலை பார்த்த கருப்பையாவுடையது. சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோது, "நான் வர்ற வரைக்கும் வச்சிரு" என்று கொடுத்துவிட்டுப் போனவன். ஒரு வருஷமாக ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

நாளைக்குள் சைக்கிளை ஜப்பான் ராணுவத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. மாமாவுக்கு ஒரே ஆசை. இன்று ஒரு நாள் முழுக்க, தனியாக, நிதானமாக ஓட்டிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் கயிறு சுற்றியிருந்தார். தொப்... தொப்... தொப்...

கொஞ்ச தூரத்திலேயே சைக்கிள் கனத்தது. இறங்கிப் பார்த்தார். கயிறு சரி, செயின் சரி. மறுபடி ஏறினார். கேரியர் கிரீச் என்றது... யாராவது பின்னால் ஏறி உட்கார்ந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். கூடவே ஈரச் சாக்கு நாற்றம். திரும்பினார். யாருமில்லை.

தள்ளினார், ஏறினார், திட்டினார். வெயில் உச்சிக்கு வந்தும் கிளேபாங் வரவில்லை. நடந்தே போயிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். ஆத்திரத்தோடு வீட்டுப் பக்கம் திருப்பினார்... சைக்கிள் மிதிக்காமலே ஓடியது! வீட்டில் நிற்கவில்லை. பிரேக்குக்கும் அடங்கவில்லை. புக்கிட் பாரு மேட்டில் ஏறி ஒரு வீட்டு வாசலில் நின்றது. கருப்பையாவும் மனைவி சிவகாமியும் இருந்த வீடு. பூட்டிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு மல்லிகா எட்டிப் பார்த்தாள். "சிவகாமி அக்காவப் பாக்கவா? அவங்க போன மாசமே காய்ச்சல்ல போய்ட்டாங்களே. அங்க யாருமில்லண்ணே."

மாமாவுக்கு இப்போது புரிந்தது. "இறங்குடா, உன் வீடு வந்தாச்சு" என்றார். காத்திருந்தார். சைக்கிளை அசைத்துப் பார்த்தார். கனம் அப்படியே இருந்தது.

பொழுது சாய்ந்தது. கடலும் போச்சு, நாளும் போச்சு. மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த எரிச்சலில் ஒரு வார்த்தை விட்டார்.

"இறங்க மாட்டியா? அப்ப என் கூடவே வந்து தொலை!"

கிரீச்...

சைக்கிள் பஞ்சாகிவிட்டது. மறுநாள் சிப்பாய் ஒருவன் அதில் ஏறிப் பறந்தான். மாமாதான் மூச்சு வாங்க வாங்க வீட்டுக்கு நடந்தார். அதன்பின் அவர் நிமிர்ந்து நடந்து யாரும் பார்த்ததில்லை.

போன வாரம் மாமா காலமானார். ஒல்லிக்குச்சி உடம்பு. ஆனால் பாடையைத் தூக்க நாலு பேர் போதவில்லை. நானும் ஓடிப்போய்ப் பின்பக்கம் தோள் கொடுத்தேன். சுடுகாட்டு வாசலில் பாடை சட்டென்று லேசானது. எல்லோரும் அப்பாடா என்றார்கள். எனக்கு மட்டும் தோள் லேசாகவில்லை.

காரியம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். சின்ன மேடுதான்... ஏறவே இல்லை. இறங்கிப் பின்சீட்டைத் தடவினேன்.

மழையே இல்லை. சீட் ஈரமாக இருந்தது.