முதல் வெள்ளிக்கு ஒரு படம்

யூ.பி.எஸ். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், மேடம். எவ்வளவு நேரம் தாங்கும்? பெட்டியின் மேல் அரை மணி நேரம் என்று அச்சடித்திருக்கும். நான் அதைக் கையால் மறைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் என்று சொல்வேன். பக்கத்துக் கடை அக்பர் பாஷா தலையில் அடித்துக்கொள்வார், "உண்மையைச் சொல்லியே யாவாரத்தக் கெடுத்துக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்யா" என்று. மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர், ஹார்டு டிஸ்க். வலியுல்லா பாய் கடை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். ஒருவரிடமும் ஒரு நிமிடம் கூட்டிச் சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேசம்மாவும் அதே கேள்வியைத்தான் கேட்டார். 2023 ஜூலை கடைசி. லூப் ரோட்டில் மீன் விற்கிற அம்மா. கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உள்ளே வராமல் நின்றபடியே கேட்டார்.

"எவ்ளோ நேரம் தாங்கும் பாய்?"

"கம்ப்யூட்டருக்காம்மா? கரண்ட் போனா ஒழுங்கா ஆஃப் பண்றதுக்கு நேரம் கெடச்சா போதும்ல?"

"ஆஃப் பண்ண மாட்டேன் பாய். அது அணையவே கூடாது."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய ஒரே பிள்ளை ரூபன், நந்தனத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்தவன், பதினோரு நாளைக்கு முன்னால் அடையாறு முகத்துவாரத்தில் அலை அடித்துப் போய்விட்டான். அன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதை எப்படி இயக்குவது என்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது. மவுஸைத் தொட்டால் வெளிச்சம் வரும், அவ்வளவுதான் தெரியும். "அவன் கையால போட்டது பாய். அவன் நிறுத்தல. வேற யாரும் நிறுத்தக்கூடாது" என்றார்.

இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு காரணம் சொல்லி யாரும் என்னிடம் பேட்டரி கேட்டதில்லை. பெரிய பேட்டரியோடு இன்வெர்ட்டர் ஒன்றை ஸ்ரீனிவாசபுரம் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிக்கு நானே ஏற்றிக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்தேன். ஐந்து மணி நேரம் தாங்கும் என்றேன். ஐந்தேகால் தாங்கியது. மாதம் ஒரு தடவை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போவேன். அறையை நன்றாகக் கூட்டித் துடைத்து வைத்திருப்பார், அந்தக் கீபோர்டை மட்டும் தொடமாட்டார். அதில் தூசி படிந்திருக்கும். ஒரு டீ கொடுப்பார். பிள்ளையைப் பற்றிப் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் மனைவி ஷாகிரா கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டாள். மகள் ஜுவேரியா ஷார்ஜாவில் இருக்கிறாள். நல்ல பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். மற்ற ஆறு நாளும் என்னிடம் பேசுகிறவர்கள் பேட்டரியைப் பற்றித்தான் பேசுவார்கள். பரிதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. தேசம்மாவை நான் வேறு விதமாகப் பார்த்தேன் என்றும் நினைக்க வேண்டாம், அல்லா மேல் ஆணை. துக்கத்தில் இருக்கிற ஒருவர் இன்னொருவரிடம் பேசினால் மனது லேசாகிறது, அவ்வளவுதான்.

அவருடைய புருஷன் ஏசுராஜை அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. பிள்ளையின் உடம்பு கிடைத்தபோது அவர் வலைதான் அவன் காலில் சுற்றியிருந்ததாம். கடல் கெட்டுக் கிடக்கும்போது வலையை எடுத்துவரச் சொல்லி அப்பனே அனுப்பிவிட்டான் என்று குப்பம் முழுக்கப் பேச்சு. இல்லை என்று அவர் மன்றாடியிருக்கிறார். தேசம்மா பெட்டி படுக்கையைத் தூக்கி மாடிப்படியில் வீசிவிட்டார். மனிதர் பாலவாக்கத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார்.

டிசம்பரில் புயல் வந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை. என் பேட்டரி ஐந்தேகால் மணி நேரம் தாங்கிவிட்டு நின்றது. அதன் மேல் குற்றம் இல்லை. கரண்ட் திரும்பி வந்தபோது வோல்டேஜ் ஏறி அடித்ததில் கம்ப்யூட்டர் போய்விட்டது. தேசம்மா முழங்கால் தண்ணீரில் மீன் கூடைக்குள் அதை வைத்து, மேலே பிள்ளையின் துண்டைப் போர்த்தி, தலையில் சுமந்துகொண்டு வந்தார். "அணைஞ்சிடுச்சு பாய்" என்றார். கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதார். நானும் அழுதேன், அதில் பொய் இல்லை.

ஹார்டு டிஸ்க்கில் அடியில் இருக்கிற போர்டு மட்டும்தான் புகைந்திருந்தது. உள்ளே தட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதே மாடலில் பழைய டிஸ்க் ஒன்று தேடிப் பிடித்து, போர்டை மாற்றி, சின்ன சிப் ஒன்றைப் பெயர்த்து ஒட்டினேன். நான்கு நாள் வேலை. படமும் வீடியோவுமாக 419. ஒன்றுகூட சேதமில்லை. என் தொழிலில் அதுதான் நான் செய்த மிக நல்ல வேலை.

எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஜனவரி முதல் வெள்ளி, சாந்தோமில் பூசை முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். அச்சுப் போட்டு வைத்திருந்த ஒரு படத்தை முதலில் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பையன் பாறை மேல் நிற்கிறான். அதை மார்போடு வைத்துக்கொண்டு ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கண்ணாடிக்காக அவன் பிடித்த அடத்தைச் சொல்லிச் சிரித்தார். ஆறு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு வாங்கி வைத்திருந்த இட்லியில் இரண்டு சாப்பிட்டார். புறப்படும்போது கேட்டார்.

"மீதியும் வருமா பாய்?"

"கஷ்டம்மா. ஒண்ணு ஒண்ணாத்தான் வரும். மாசத்துக்கு ஒண்ணு எடுக்க முடியுதான்னு பாக்கறேன்."

"உனக்குப் புண்ணியமாப் போவும் பாய். எவ்ளோ நாளானாலும் நான் வரேன்."

மருந்தை ஒரே நாளில் யாராவது பாட்டிலோடு குடிப்பார்களா? அப்படித்தான் நான் யோசித்தேன். 419 படத்தையும் ஒரே நாளில் பார்த்து முடித்தால் அடுத்த நாள் அவருக்கு என்ன இருக்கும்? மாதம் பிறந்தால் வெள்ளிக்கிழமை வரும், ஒரு படம் வரும். அதற்காகவாவது எழுந்து, குளித்து, நாலு வாய் சாப்பிடுவார். அப்படித்தான் நடந்தது. உடம்பு தேறிக்கொண்டு வந்தது. லூப் ரோட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஏனோதானோ என்று கொடுக்கவில்லை. பிறந்த மாதத்துக்குக் கேக் வெட்டுகிற படம். டிசம்பருக்குக் கிறிஸ்துமஸ் சட்டை. அப்பா இருக்கிற படங்களில் அவரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அச்சுப் போட்டேன், பார்த்தால் அந்த அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும் என்று. தோளில் கிடக்கிற கையை எடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். இத்தனைக்கும் அவரிடம் நான் ஒரு பைசா வாங்கியதில்லை. வஞ்சிரமோ சங்கராவோ கொண்டுவந்து வைப்பார், அதை மறுத்தால் கோபித்துக்கொள்வார்.

2024 மே மாதம் ஏசுராஜ் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். வெயிலில் கறுத்து, எலும்பெடுத்துப் போயிருந்தார்.

"பாய், அன்னிக்குக் காலைல புள்ள செல்லுல எடுத்துக்கினு இருந்தான். எதுனாலும் வூட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவான். நான் சொன்னது அதுல இருக்கும். நான் போவாதன்னுதான் சொன்னேன் பாய்."

"அந்த நாள் ஃபைல் எதுவும் வரலையே" என்றேன்.

"மெய்யாலுமே வரலயா?"

"வரல."

"சரி பாய். வந்தா ஒரு போன் பண்ணு." சீட்டில் எழுதி வைத்திருந்த நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வந்திருந்தது, மேடம். டிஸ்க் திறந்த அன்றே நான் பார்த்த வீடியோ அது. பத்தொன்பது வினாடி. காலை ஆறேகால் மணி. அலை ஆள் உயரத்துக்கு அடிக்கிறது. ஏசுராஜ் படகை மணலில் இழுத்து ஏற்றிக்கொண்டிருக்கிறார். பையன் குரல் மட்டும் கேட்கிறது: "நைனா, வலை உள்ளயே கீதே." அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார்: "போனா போவட்டும்டா. வேற வாங்கிக்கலாம். நீ அந்தப் பக்கம் போவாத, வூட்டுக்குப் போ. உங்கம்மா தேடும்." பையன் "சரி நைனா" என்கிறான். வீட்டுக்கும் வந்திருக்கிறான், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறான். பிறகு, புது வலையாயிற்றே, அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்துவிடலாம் என்று போயிருக்க வேண்டும். இது என் ஊகம்தான்.

இதை நான் தேசம்மாவிடம் எப்படிக் காட்டுவேன், நீங்களே சொல்லுங்கள். ஒரு பாவமும் அறியாத மனுஷனைத் தெருவில் நிறுத்திவிட்டோம் என்று தெரிந்தால் அவர் என்ன ஆவார்? இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று இருந்தேன். காட்டியிருந்தால் அன்றைக்கே பாலவாக்கத்துக்கு ஓடியிருப்பார், கூட்டிக்கொண்டு வந்திருப்பார், இரண்டு பேரும் சேர்ந்து அழுது தீர்த்திருப்பார்கள். அப்புறம் என் கடைக்கு அவர் எதற்கு வரப்போகிறார்? அதையும் நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஏசுராஜ் இன்னும் இரண்டு தடவை வந்தார். கடைசியாக வந்தபோது கண் மஞ்சளாக இருந்தது. நல்ல டாக்டரிடம் காட்டச் சொன்னேன், ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். இந்த வருடம் பிப்ரவரியில் இறந்துவிட்டார். மார்ச் முதல் வெள்ளி தேசம்மா வழக்கம்போல வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "செத்துட்டான் பாய். ஆள் அனுப்புனாங்க. நான் போவல" என்றார். பிறகு, "போயிருக்கணுமா பாய்?" என்று கேட்டார். நான் டீ சொன்னேன். அன்று மட்டும் இரண்டு படம் கொடுத்தேன்.

பிடிபட்டது சிந்துவால். ஏசுராஜின் தங்கை மகள். மாமா இறந்த பிறகு அவருடைய துணிமணியைக் கொடுக்க வந்து, அத்தையோடு ஒட்டிக்கொண்ட பெண். சூட்டிகையானவள். அக்டோபர் முதல் வெள்ளி அவளும் கூட வந்தாள். அந்த மாதப் படத்தைத் திரையில் பெரிதாக வைத்துக் காட்டிவிட்டு, பார்த்துக்கொண்டிருங்கள், வந்துவிடுகிறேன் என்று ஜும்மா தொழுகைக்குப் போனேன். படத்தைத் திறந்தபடியே விட்டது என் தப்பு. அம்புக்குறி போட்ட பட்டனை அவள் சும்மா தட்டியிருக்கிறாள். அடுத்த படம் வந்திருக்கிறது. தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்திருக்கிறது.

நான் திரும்பி வந்தபோது ஏசுராஜின் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. தேசம்மா முகத்தைத் திருப்பவில்லை. "இன்னொரு தபா போடு சிந்து" என்றார். போட்டாள். "இன்னொரு தபா." அப்படி எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"இது எப்ப கெட்ச்சுது பாய்?"

"மொத வாரமே."

"அவன் வந்து கேட்டானா?"

"மூணு தபா."

என்னை ஏசவில்லை. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மீன் மேஜை மேலேயே இருந்தது. தெருமுனையில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றும், "போவாதன்னுதான் சொன்னேன்னு சொன்னானே, நான்தான் நம்பல, ஒரு நாளு நின்னு கேட்டிருக்கலாமே" என்று புலம்பினார் என்றும் அக்பர் பாஷா சொன்னார். நான் பார்க்கவில்லை. சிந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அவள் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

எந்தச் சட்டப்பிரிவு என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எதையும் மறுக்கவில்லை. பிள்ளையின் படமெல்லாம் கையில் இருந்தும் கொடுக்காமல் வைத்திருந்தேன். புருஷன் குற்றமற்றவன் என்று தெரிந்தும் சாக விட்டேன். இரண்டும் நான் செய்ததுதான். ஆனால் வருகிற வெள்ளி முதல் வெள்ளி. பூசை முடித்துவிட்டுப் பழக்கத்தில் அந்த அம்மா மந்தைவெளிப் பக்கம் கால் வைப்பார். கடை பூட்டியிருந்தால் தவித்துப்போவார். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உங்கள் மேஜை மேல் இருக்கிற டிஸ்க்கைக் கோர்ட்டில் காட்டிவிட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள். 23 கொடுத்தது போக மீதி 396 என்று டிஸ்க்கைக் கைப்பற்றிய மகஜரில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் 395தான் வரும். நீங்கள் வருவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டேன். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படம் அது ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் வெட்டவில்லை. எங்கே இருக்கிறது என்று உங்களிடம் சொல்வதற்கில்லை, மேடம். தேசம்மா வந்து கேட்கட்டும், கொடுத்துவிடுகிறேன்.