சொன்ன தேதி, கொடுத்த தேதி

கத்தரிக்கோலுக்கே கம்பீரம் கற்றுக்கொடுத்த எங்கள் தையற்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! நாடாவைத் தொடாமலே நாலு பேரின் இடுப்பளவைச் சொல்லும் செயலாளர் அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்ட முன்வரிசைப் பெரியோர்களே! நாங்கள் அளந்த துணியைவிட அளந்த கதையே அதிகம் என்று தெரிந்தும் எங்களோடு குடித்தனம் நடத்தும் தாய்மார்களே! பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தே கண் சிவந்த சகோதரிகளே! பட்டம் வாங்கிவிட்டு, ‘அடுத்து என்ன?’ என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பயந்து கடைசி வரிசையில் பதுங்கியிருக்கும் எங்கள் செல்வங்களே! அனைவர் பாதத்திலும் என் வணக்கத்தை, ஓரம் மடித்து, இஸ்திரி போட்டு, பணிவோடு வைக்கிறேன்.

படித்து முடித்த பிள்ளைகளை வாழ்த்திப் பேசுமாறு தலைவர் எனக்குப் பத்து நிமிடம் தந்தார். “கண்டிப்பா பத்தே நிமிஷம்” என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? ஓ, சிரிக்காமல் என்ன செய்வீர்கள்! எவர் வந்து எப்போது கேட்டாலும் “வெள்ளிக்கிழமை வாங்க” என்று சொல்லிச் சொல்லியே ‘வெள்ளிக்கிழமை மாஸ்டர்’ என்ற பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தராமல் பெற்றவன் அல்லவா நான்!

ஆனால் இன்று என் கண் அடிக்கடி கதவுப் பக்கம் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதோ, கதவோரத்து நாற்காலியில், என் தங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என் தங்கை மகள். மடியில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். ஐந்து மணியிலிருந்து ஆறு மணிக்குள் ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிடுவார்கள். வேலை உண்டா இல்லையா என்று சொல்லுவார்கள். இப்போது மணி ஐந்து இருபது. இந்த இருபது நிமிடத்தில் அவள் அந்தக் கைப்பேசியை இருநூறு முறை திருப்பிப் பார்த்துவிட்டாள். நான் அவளை நாலாயிரம் முறை பார்த்துவிட்டேன்.

அவள் படித்தது தரவு அறிவியல். டேட்டா சயின்ஸ் என்றால் உங்களுக்குப் புரியும். நடந்து முடிந்தவற்றின் குறிப்புகளைக் கணினிக்குக் காட்டி, இனி நடக்கப்போவதை அதன் வாயால் சொல்லவைக்கும் வித்தை. இருந்த இடத்திலிருந்தே எதிர்காலத்தைச் சொல்லும் அந்தப் பெண்ணுக்கு, தன் எதிர்காலம் மட்டும் தெரியவில்லை ஐயா!

அறுபத்து மூன்று இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். முதல் வேலைக்கே இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடம், நடந்து பழகியதற்குச் சான்றிதழ் கேட்டால் அது எங்கே போகும்? தவழ்ந்தா போகும்? சம்பளமே இல்லாத பயிற்சிக்கும் நானூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு நிறுவனம் நாலே நிமிடத்தில் பதில் போட்டது, ‘வருந்துகிறோம்’ என்று. “மாமா, நாலு நிமிஷத்துல நான் எழுதினதைப் படிச்சுக்கூட முடிக்க முடியாது. அதுக்குள்ள எப்படி மாமா வருந்த முடியும்?” என்று கேட்டாள். தலைவரே, உங்களிடம் பதில் இருக்கிறதா? இல்லை. தண்ணீர் குடியுங்கள்.

பிறகு ஒரு நேர்காணலில், ஓர் அம்மையார் இவள் செய்து காட்டியதைப் பார்த்துக் கொட்டாவி விட்டாராம். என்ன காட்டினாள்? என்றைக்கோ மூழ்கிய ஒரு கப்பலில் யார் பிழைத்திருப்பார் என்று கண்டுபிடிக்கும் பயிற்சிக் கணக்கு. எல்லோரும் அதையேதான் கொண்டுவருகிறார்களாம்! அந்தக் கப்பலைப் பாவம் எத்தனை முறைதான் மூழ்கடிப்பது? “உங்க வாழ்க்கையில இருந்து ஏதாவது எடுத்துட்டு வாங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் அவள் என் கடைக்கு வந்தாள்.

“மாமா, உங்க ஆர்டர் நோட்டு வேணும்.”

“எதுக்கும்மா? அதுல இடுப்பளவும் தோளளவும்தானே இருக்கு?”

“சொன்ன தேதி, கொடுத்த தேதின்னு ரெண்டு கட்டம் இருக்குல்ல? அது போதும். ஒருத்தர் துணியைக் கொண்டுவந்து கொடுத்ததுமே, அது நிஜமா என்னிக்குக் கைக்கு வரும்னு சொல்ற மாதிரி ஒண்ணு செய்யப்போறேன்.”

என் மார்பு விரிந்தது. அளவு நாடா போதாமல் போகும் அளவுக்கு விரிந்தது! என் கிறுக்கல் நோட்டு கணினிக்குள் போகப்போகிறது! “நாளைக்கு வா, எடுத்து வைக்கிறேன்” என்றேன். அவள் போனதும் நோட்டைப் பிரித்தேன்.

பெரியோர்களே! தாய்மார்களே! நீங்கள் யாராவது உங்கள் ஆர்டர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்ததுண்டா? படிக்காதீர்கள். சொன்னது மூன்றாம் தேதி, கொடுத்தது பத்தொன்பதாம் தேதி. சொன்னது வெள்ளி, கொடுத்தது அதற்கடுத்த மாதத்து வெள்ளி. மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று, கல்யாணம் முடிந்து, விருந்து முடிந்து, முதல் சண்டையும் முடிந்த பிறகு போயிருக்கிறது!

இதையா படித்த மனிதர்கள் பார்ப்பது? கண்ணாடிச் சுவர் வைத்த அறையில், ஆளுயரத் திரையில், என் மானம் ஓடுவதா?

எனவே புது நோட்டு வாங்கினேன். ஆயிரத்து நூற்று நாற்பது வரி. மூன்று நாள் பகல் முழுக்கக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக எழுதினேன். எல்லாவற்றையும் சொன்ன தேதியிலேயே கொடுத்ததாக எழுதினால் சந்தேகம் வருமல்லவா? நான் யார்! சட்டை சொன்ன நாளில். கால்சட்டை ஒரு நாள் தாமதம். கோட்டு இரண்டு நாள் தாமதம். எப்படி என் சாமர்த்தியம்? எங்கள் கடை காஜா அக்கா எட்டிப் பார்த்து, “என்ன மாஸ்டர், பரீட்சையா எழுதுறீங்க? வாசல்ல நாலு பேர் சட்டை கேட்டு நிக்கிறாங்க” என்றார். “வெள்ளிக்கிழமை வரச் சொல்லு” என்றேன். தாமதத்தை மறைக்க உட்கார்ந்ததில் இன்னும் நாலு பேருக்குத் தாமதம்!

மணி ஐந்து முப்பத்தைந்து. அழைப்பு வந்ததா அம்மா? இல்லையா? சரி, சரி. நான் பேசுகிறேன். நீ மூச்சு விடு.

“பழைய நோட்டு நைஞ்சுபோச்சும்மா, மாமா அழகா பிரதி எடுத்து வெச்சிருக்கேன்” என்று கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வரியாகக் கணினியில் ஏற்றினாள். பாதியைக் காட்டிக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தாள், மீதியை மறைத்து வைத்துக் கேள்வி கேட்டாள். ஒரு நாள் மாலை கடைக்கு வந்து நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை.

“மாமா, நூத்துக்கு நூறு வருது.”

“அடி சக்கை! வேலை கிடைச்ச மாதிரிதான்!”

“இல்ல மாமா. நூத்துக்கு நூறு வந்தா பயப்படணும். நான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன். விடையே கேள்விக்குள்ள ஒளிஞ்சிருக்கு.” பிறகு கேட்டாள். “மாமா, கோட்டு எல்லாமே சரியா ரெண்டு நாள்தான் லேட்டா?”

அவையோரே, அந்த நொடியில் நான் வாயைத் திறந்து ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது என்ன தெரியுமா? “ஆமாம்மா. ஊர்ல பேசுறது பொறாமை. நம்ம கடை ஒழுங்கு அப்படி!”

அவள் என்னை நம்பினாள். என்னை நம்பியதால், தன்னை நம்புவதை விட்டுவிட்டாள்.

ஒரு வாரம். எழுதியதை அழித்தாள், திரும்ப எழுதினாள். நூற்றுக்கு நூறு. மறுபடி எழுதினாள். நூற்றுக்கு நூறு. உலகத்திலேயே முழு மதிப்பெண் வாங்கி அழுத ஒரே பிள்ளை என் தங்கை மகள்தான். இன்று கூப்பிடப்போகிற நிறுவனத்தின் நேர்காணலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது என் தங்கை போன் பண்ணினாள். “அண்ணா, அவ போகமாட்டேங்கிறா. தனக்கு ஒண்ணுமே தெரியலையாம். வரலைன்னு கம்பெனிக்கு எழுதிப் போடப்போறாளாம்.”

ஊசி குத்தி எனக்கு ஆயிரம் முறை ரத்தம் வந்திருக்கிறது. அன்று குத்தியது ஊசி அல்ல.

பழைய நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். இரண்டு தெருதான். எனக்கு இரண்டு கண்டம் நடந்ததுபோல் இருந்தது. மேசைமேல் வைத்தேன். அவள் பிரித்தாள், பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

“ஒரு வாரம் மாமா. ஒரு வாரமா நான் முட்டாள்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

முப்பது வருடமாக வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன அத்தனை சமாதானங்களும் என் வாயில் இருந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு நோட்டைக் கையில் எடுத்தேன். “நான் படிக்கிறேன், நீ ஏத்தும்மா” என்றேன். நாலு நாள் உட்கார்ந்தோம்.

“சொன்னது?”

“மூணாம் தேதி.”

“கொடுத்தது?”

“பத்தொ...”

“சத்தமா மாமா.”

“பத்தொன்பது!”

ஆயிரத்து நூற்று நாற்பது முறை, ஐயா! என் குற்றங்களை நானே உரக்கப் படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஜன்னல் வழியாக, “என் பேண்ட்டு எந்த வரியில இருக்கு மாஸ்டர்?” என்று கேட்டார். இருந்தது. இருபத்து மூன்று நாள்.

பிறகு கணினி வாயைத் திறந்தது. என்ன சொன்னது தெரியுமா? கடையிலேயே உட்கார்ந்து எழுந்திருக்க மறுக்கிறார் என்று நோட்டின் ஓரத்தில் நான் கிறுக்கி வைத்தவர்களுக்குச் சரியான நாளில் கொடுக்கிறேனாம். “மெதுவா குடுங்க மாஸ்டர்” என்று சொன்னதாகக் குறித்த நல்லவர்களைத்தான் அலையவிடுகிறேனாம். நான் “கண்டிப்பா” என்று சொன்ன ஆர்டருக்கெல்லாம் ஒரு நட்சத்திரம் போடுவது என் வழக்கம். நட்சத்திரம் போட்டதெல்லாம் மற்றதைவிட ஐந்து நாள் கூடுதல் தாமதமாம்! கைதட்டாதீர்கள். உங்கள் நோட்டையும் அவளிடம் கொடுத்துவிடுவேன்.

“இப்ப பத்துக்கு ஏழு தடவைதான் சரியா வருது மாமா, அதுவும் ஒரு நாள் முன்னே பின்னே” என்றாள்.

“ஏழுதானா? நம்ம நூறு போச்சே!”

“இந்த ஏழு நிஜம் மாமா.”

நேர்காணலுக்குப் போனாள். நானோ அவள் பட்டம் வாங்கிய அன்றே, வேலைக்குப் போட்டுக்கொள்ள ஒரு சாம்பல் நிறக் கோட்டு தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்தவன். அது வெட்டிய நிலையில், குண்டூசி குத்தியபடி, இன்னும் என் மேசைக்கடியில் கிடக்கிறது. அம்மாவின் பழைய கோட்டைக் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனாள். அங்கே நூறையும் காட்டினாள், ஏழையும் காட்டினாள். நூறு எப்படி வந்தது, அதை ஏன் நம்பக்கூடாது என்றும் சொன்னாள். எதிரே மூன்று பேர். “சிரிச்சாங்களாம்மா?” என்று கேட்டேன். “யாருமே சிரிக்கல மாமா. ஒருத்தர் மட்டும், ‘உங்க மாமா கடை எங்கே இருக்கு?’ன்னு கேட்டார்.” இது நல்லதற்கா கெட்டதற்கா? அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்த மனிதர் என்னிடம் துணி கொடுத்துத் தவித்தவரோ என்னவோ!

அதோ... அதோ எழுந்துவிட்டாள்! கைப்பேசி காதில்! வெளியே போகிறாள். தலைவர் சீட்டு அனுப்புகிறார், ‘நேரம் முடிந்தது’ என்று. தலைவரே, உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அந்தக் கதவு திறக்கும்வரை இந்த ஒலிபெருக்கியை என்னிடமிருந்து பிடுங்காதீர்கள். பேச்சை நிறுத்தினால் என் நெஞ்சு அடித்துக்கொள்வது உங்கள் அனைவருக்கும் கேட்டுவிடும்!

என் தொழில் தோழர்களே! நம் பிள்ளைகள் விண்ணப்பம் போடுகிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன தந்தோம்? நம் பெருமையைத் தந்தோம். நம் மிடுக்கைத் தந்தோம். அடித்துத் திருத்தி அழகாக எழுதிய நோட்டைத் தந்தோம். அவர்கள் கேட்டது அதுவா? அழுக்கானாலும் அசலைக் கேட்டார்கள். கிழிந்தாலும் கிடைத்ததைக் கேட்டார்கள். தோற்ற கதையைத் தோற்றதாகவே சொல்லுங்கள் என்று கேட்டார்கள்! பிசகிய தையலைப் பிரித்துக் காட்டுங்கள், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பிசகவே இல்லை என்று பூசி மெழுகினால், தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று அல்லவா...

கதவு திறக்கிறது.

ஆளைப் பார்த்ததும் அளவு சொல்லுகிறவன் நான். அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொல்லம்மா. மாமாவால முடியல. இங்கிருந்தே சத்தமா சொல்லு.

மூணு மாசமா? பயிற்சியா? அதுக்கப்புறம்... பார்ப்பாங்களாமா? திங்கட்கிழமை சேரணுமா!

கேட்டீர்களா? எடுத்துக்கொண்டார்கள்! மூன்று மாதம்தான், அதற்குப் பிறகு என்னவென்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் கவலையை அப்புறம் படுவோம். தட்டுங்கள் கையை! தங்கச்சி, அழாதே, முந்நூறு பேர் பார்க்கிறார்கள். நான் அழவில்லை, கண்ணில் நூல் விழுந்துவிட்டது.

என்ன? என்ன கேட்கிறாள்? கோட்டு எப்போ என்றா?

கேளுங்கள், மொத்த அரங்கமும் ஒரே குரலில் ‘வெள்ளிக்கிழமை’ என்கிறது! என் நாக்கும் அதற்குத்தான் துடிக்கிறது. முப்பது வருடப் பழக்கம். ஆனால் அம்மா, இன்று சங்கத்தின் முன்னால் சொல்கிறேன். திங்கட்கிழமை அம்மா கோட்டையே போட்டுக்கோ. மாமாவுக்குப் பதினேழு நாள் ஆகும்.

ஏன் கைப்பேசியைத் தட்டுகிறாய்? உன் கணக்குல என்ன வருது?

பதினாறு!

ஒரு நாள் முன்னே பின்னே! தலைவரே, பத்து நிமிடம் என்று சொன்னேன், எவ்வளவு கொடுத்தேனோ அதை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள், நான் திருத்தமாட்டேன். சிரித்தவர்களுக்கும், கொட்டாவியை மறைத்தவர்களுக்கும், என்னிடம் துணி கொடுத்துவிட்டு இன்னும் காத்திருப்பவர்களுக்கும் நன்றி. நல்ல சேதிக்காகக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருக்கும் கடைசி வரிசைச் செல்வங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்!