குழாயில் விழுந்த தண்ணீர்

என் பெயர் நர்மதா, வயது 36, த/பெ ராஜராஜன். பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் எனக்குச் சொந்த ஊர். அணு உலையில் பல அபாய மணிகள் ஒன்றாக அடிக்கும்போது கோளாறு எங்கே தொடங்கியது என்று அங்குள்ள ஆபரேட்டர்களுக்குக் கண்டுபிடித்துச் சொல்லும் கணினி நிரலைத் தயாரிக்கும் குழுவில், சென்னையில் வேலை செய்கிறேன். முதலில் தோன்றிய காரணத்தோடு ஒட்டாத ஒரே ஒரு அறிகுறி இருந்தாலும் அதை விடக்கூடாது என்பதுதான் எங்கள் வேலை. இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன்.

சென்ற ஞாயிறு ஊரில் இருந்தேன். எங்கள் கிணறு என் அண்ணன் சரத்குமாருக்கும் பக்கத்துக் காட்டுக்காரர் அய்யாக்கண்ணுவுக்கும் பங்குக் கிணறு. அன்று காலை மும்முனை கரண்ட் இல்லாததால் அய்யாக்கண்ணு டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டித் தன் சோளத்துக்குப் பாய்ச்சினார். அதன் பிறகு என் அண்ணன், மோட்டார் குழாயின் அடியில் சிக்கிய பாசியை எடுக்க இறங்கினார். சற்று நேரத்தில் அவர் தண்ணீரில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து அண்ணி பரிமளா அலறவும், அண்ணியின் தம்பி மகேஷ் படியில் இறங்க ஓடினார். உள்ளே புகை நாற்றம் அடித்தது. மயங்கியவரைத் தூக்கப் போனவர்களும் செத்த சேதி இந்தப் பக்கம் புதிதல்ல என்பதால் மகேஷின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கக்கா, மாமா கெடக்காரு பாருங்க."

"உள்ள கேஸ் இருக்குடா. எறங்குனா நீயும் போயிருவ."

அப்போது மோட்டார் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பார்த்தேன். மோட்டாரை யார் போட்டது என்று கேட்கவில்லை. மோட்டார் கொட்டகை நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அதன் பிறகு தீயணைப்பு வீரர்கள் முகமூடியோடு இறங்கி, அண்ணனைப் பிணமாகத்தான் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். அவர்கள் இறங்குவதற்குள் கரண்ட் மறுபடி போயிருந்தது. அண்ணனின் உள்ளங்கையில் கருகல் இருந்தது. கயிறு உரசியிருக்கும் என்று நினைத்தேன். எஸ்.ஐ. சார் கேட்டபோது டீசல் புகைதான் என்று அடித்துப் பேசினேன். எனக்கு எப்போதும் அந்த வாய் உண்டு. அதை நம்பி அண்ணி புகார் கொடுத்தார், அய்யாக்கண்ணுவைக் கைது செய்தார்கள்.

அன்று முதல் அந்தத் தண்ணீர்ச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. சோறு வடிக்கும் சத்தமும் அதுவாகவே கேட்கிறது. நேற்று பொறுக்க முடியாமல் கொட்டகைக்குப் போனேன். ஸ்டார்ட்டர் ஆட்டோவில் இருந்தது. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாததால், வந்ததும் மோட்டார் தானே ஓடட்டும் என்று இங்கே எல்லோரும் அப்படித்தான் போட்டு வைப்பார்கள். எலக்ட்ரீஷியன் கலைவாணனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னேன்.

"பைப்பு முழுக்கக் கரண்டுங்க. ஒயரு தோல் உரிஞ்சு கெடக்கு. அப்பவே மெயினை எறக்கியிருந்தா..." என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணிக்கு இது தெரியாது. இன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்தம்பியையாவது மிச்சம் வச்சியே, நீ நல்லாயிருக்கணும்" என்று அழுதார். நேராக இங்கே வந்துவிட்டேன்.

அண்ணன் செத்தது புகையால் அல்ல, கரண்டால். அய்யாக்கண்ணு மேல் தவறில்லை. அவரை விட்டுவிடுங்கள். இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. புகார் கொடுத்தவர் என்பதால் அண்ணிக்குத் தகவல் அனுப்புவதாக எஸ்.ஐ. சார் சொன்னார். ஒரு மணி நேரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். அதற்குள் நானே வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொல்ல வேண்டும்.

(ஒப்பம்) ரா. நர்மதா