மதுரைக்குப் பட்டு எடுக்கப் போனவர்கள்

இராமநாதபுரத்திலிருந்து மதுரை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும் இருபது வயது மகளும். அம்மாவின் மடியில் பட்டுக்கடைப் பை. அதிலிருந்து ஸ்கேன் ஃபைல் எட்டிப் பார்த்தது.

“ஏம்மா, என் சினைப்பையில இருக்கறது கட்டிதான? என்னமோ கடத்தல் தங்கம் கணக்கா ஒளிச்சுக் கொண்டு வார?”

“மெதுவாப் பேசுடி. கல்யாணமாகாத புள்ளைக்கு இப்புடின்னா தெரு என்னென்ன பேசும்? ஒனக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போறோம்னு சொல்லியிருக்கேன்.”

“மாப்பிள்ளை யாருன்னு கேக்கலையா?”

“துபாய்ல இருக்காருன்னுட்டேன்.”

மகள் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று.

“அங்கன பெரிய டாக்டர்கிட்ட நான்தான் பேசுவேன். நம்மூரு டாக்டரு சினைப்பையவே எடுக்கணும்னாரு. கட்டிய மட்டும் எடுக்க முடியுமான்னு கேக்கணும்.”

“நீ வாயத் தொறக்காத. நான் கேக்குறேன்.”

“கட்டி எனக்கும்மா.”

நடைவழிக்கு அந்தப் பக்கத்து இருக்கையிலிருந்து வேறோர் அம்மா மெல்லக் குனிந்தார். அவரருகே ஓர் இளம்பெண். அவள் மடியிலும் பட்டுக்கடைப் பை.

“யக்கா, பெரிய டாக்டருக்கு ஒங்க டோக்கன் எத்தன? எங்களுக்குப் பதினாலு.”

அம்மா பையை இறுக்கிக்கொண்டார். மகள் அவரைத் தாண்டி எட்டி அந்தப் பெண்ணிடம் கேட்டாள்:

“ஒனக்கும் மாப்பிள்ளை துபாய்தானா?”