மூணு பெல்லு

அய்யோ, அந்த கேஜ் இல்லண்ணே! தங்கச் சொரங்கம், அந்த மைன் மூடி எத்தினி வருஷமாச்சு. ஷாஃப்ட்ல ஆளுங்கள எறக்குற கேஜ் எங்கப்பாவோட போச்சு. நான் சொல்றது கொரங்க அடைக்கிற கேஜ், அதுங்கள பாத்துக்குற வேல. பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சிக்கூடம். பதினோரு வருஷமா டெய்லி இதே ட்ரெயினுதான். ஏனோக்குன்னு என் பேரச் சொன்னா அங்க எல்லாருக்கும் தெரியும்.

கடிக்குமாவா? தோ, இந்த வெரலப் பாருங்க. பதினேழாம் நம்பரு, பொட்டக் கொரங்கு. பேரு வெக்கக்கூடாதுன்னு ரூலு. நான் ஏ புள்ளன்னு கூப்புடுவேன், அது இன்னா பேரா? கேஜ்ல பலகை, ஊஞ்சலு, கண்ணாடி எல்லாம் கீது. வெளிய வர்றதுதான் கெடையாது. காலைல டெஸ்ட்டு. டிவி மாதிரி ஒண்ணுல படம் காட்டி மறைப்பாங்க. மறுபடி காட்டுனா, முன்ன பாத்தத தொடணும். வயசானா ஞாபகம் எப்டி போவுதுன்னு பாக்குறாங்களாம். நம்ம பெருசுங்களுக்கு மருந்து வரும்றாங்க. தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலண்ணே.

அப்பல்லாம் ஊசின்னா நாலு பேரு வலையோட வருவாங்க. அது அலறுற அலறல் கேக்க முடியாது. அப்பாலதான் நான் பழக்குனேன். அந்தக் காலத்துல மைன் கேஜ்ல ஆளுங்க ஏறுனா எங்கப்பா மூணு பெல்லு அடிப்பாரு. மனுஷன் உள்ள கீறான், மெதுவா எறக்குன்னு அர்த்தம். அதே மாதிரி கம்பில மூணு தட்டு தட்டுவேன். வந்து ஒரு கைய ஊசிக்கு நீட்டும், இன்னொரு கைய வேர்க்கடலைக்கு ஏந்தும். எட்டு மாசம் ஆச்சு பழக்க. ஒரு நாளும் குடுக்காம ஏமாத்துனதில்ல.

இப்ப டெஸ்ட்ல தப்பு தப்பா தொடுது. படமெல்லாம் மறந்துடுச்சு. மூணு தட்டு மட்டும் மறக்கல.

எது, கையில உருட்டிக்கினு கீறேனே, இந்தக் கடலையா? ஒண்ணுதாங்க கீது, தப்பா நெனச்சுக்காதீங்க. அதுக்கு எடுத்துனு போனது. இன்னிக்கி வெறும் வயித்தோட இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆராய்ச்சி முடிஞ்சுதாம், மூளைய எடுத்துப் பாக்கணுமாம். நான் மாட்டேன்னா வலையோட நாலு பேரு வருவாங்க. நான் இன்னா பண்ணுவேன்? நானே தட்டுனேன். வந்துச்சு, கைய நீட்டுச்சு. ஊசி எறங்கி கண்ணு சொருவுற வரைக்கும் இன்னொரு கைய ஏந்திக்கினே இருந்துச்சுண்ணே.